ராணுவ போலீஸ் ஒரு கூடத்தில், பெண்கள் இன்னொரு கூடத்தில்: இந்தக் கண்காட்சிகளில் எதைப் பார்ப்பது?

கேள்வி இது: "ஒரே அருங்காட்சியகத்தில் இரண்டு கண்காட்சிகள் நடக்கின்றன. ஒன்று போர்க்காலத்தில் ராணுவ போலீஸ் செய்த வேலை பற்றி, இன்னொன்று படைகளில் பணியாற்றிய பெண்கள் பற்றி. சீருடை மாட்டிய பொம்மைகளைத் தவிர இவற்றில் பார்க்க என்ன இருக்கும்? போகலாமா?"

கண்டிப்பாகப் போங்கள். இதில் ஒரு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ராணுவ அருங்காட்சியகங்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இந்த இரண்டு தலைப்புகளும் சேருகிற இடத்தில்தான், அதாவது ராணுவ போலீஸாக வேலை செய்த பெண்களின் கதையில்தான், மிக நல்ல விஷயங்கள் இருக்கின்றன. அந்த இடம்தான் பெரும்பாலும் காலியாகவும் கிடக்கிறது. ஏன் காலியானது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அதற்கு முன்னால் ராணுவ போலீஸ் போரில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கும் அது குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் சிப்பாய்களைப் பிடிக்கிற ஆள் என்ற அளவில்தான் தெரியும்.

போரில் ராணுவ போலீஸின் பெரும்பாலான வேலை சாலையில்தான். லட்சம் பேரும் பல்லாயிரம் வண்டிகளும் ஒரே நேரத்தில் நகரும்போது யார் முதலில் போவது, எந்த வழியில் போவது, பழுதான வண்டியை எங்கே தள்ளுவது, பிடிபட்ட கைதிகளை எந்தப் பக்கம் திருப்புவது, வீடிழந்து மூட்டை முடிச்சோடு எதிரே வருகிற மக்களை எங்கே ஒதுக்குவது என்று நாற்சந்தியில் நின்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த நாற்சந்தியின் மீதுதான் எதிரியின் பீரங்கியும் குறி வைத்திருக்கும். சாலை அடைத்துக்கொண்டால் டாங்கிக்கு டீசல் வராது, துப்பாக்கிக்குக் குண்டு வராது, காயம்பட்டவனுக்கு ஆம்புலன்ஸ் வராது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1942 அக்டோபர் 23 இரவு, எகிப்தில் எல் அலமைன். எதிரே லட்சக்கணக்கான கண்ணிவெடிகள் புதைத்த பாலைவனம். பிரிட்டிஷ் படையின் டாங்கிகள் அதற்குள் வெட்டப்பட்ட குறுகலான பாதைகள் வழியாக இருட்டில் போக வேண்டும். பாதைகளுக்குப் பெயர் வைத்தார்கள்: சூரியன், சந்திரன், நட்சத்திரம், புட்டி, படகு, தொப்பி. காலி பெட்ரோல் டின்னின் ஒரு பக்கத்தில் அந்தந்த உருவத்தை வெட்டி எடுத்து, உள்ளே விளக்கை வைத்துப் பாதையோரம் வரிசையாக நட்டார்கள். வெளிச்சம் பின்னால் வரும் தங்கள் ஆட்களுக்கு மட்டும் தெரியும், எதிரிக்குத் தெரியாது. புழுதியில் எதுவும் புரியாமல் வருகிற ஓட்டுநர் வரைபடம் எதையும் பார்க்க வேண்டியதில்லை, சந்திரனாக எரிகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அந்தப் பாதைகளில் நின்று வண்டிகளை நடத்தியவர்கள் ராணுவ போலீஸ்காரர்கள். தகரத்தைக் கத்தரித்துச் செய்த அந்த மாதிரிப் பொருள் ஏதாவது ஒரு கண்காட்சியில் இருந்தால், பக்கத்தில் மெடல் வரிசை இருந்தாலும் முதலில் இதன் முன்னால் நில்லுங்கள். வெட்டின விளிம்பைப் பாருங்கள். பட்டறையில் நேராக வெட்டியதா, அவசரத்தில் கத்தியால் கிழித்ததா என்று அதிலேயே தெரியும்.

அமெரிக்கர்களிடம் இதே வேலை பிரம்மாண்டமாக நடந்தது. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைகள் வேகமாக முன்னேறிவிட, சரக்கு பின்தங்கிவிட்டது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் லாரிகள் இரவும் பகலும் ஓடின. போக ஒரு சாலை, வர இன்னொரு சாலை, வேறு எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாது. அதை அப்படியே காப்பாற்றியது சந்திக்குச் சந்தி நின்ற ராணுவ போலீஸ். ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க ராணுவம் நிறம் பார்த்துப் பிரித்து வைத்த ராணுவம். சாலையை ஒழுங்குபடுத்தியவர்களைக் காட்டுகிற கண்காட்சி அதில் ஓட்டியவர்களையும் சேர்த்துக் காட்டுகிறதா என்று கவனியுங்கள்.

பிரிட்டனில் ராணுவ போலீஸுக்கென்று இருக்கிற அருங்காட்சியகம் போர்ட்ஸ்மத் அருகே சௌத்விக் பார்க்கில், ஒரு ராணுவ வளாகத்துக்குள் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் சௌத்விக் மாளிகையும் இருக்கிறது, 1944 ஜூனில் நார்மண்டி இறக்கத்துக்கு நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஐசன்ஹோவர் முடிவெடுத்த இடம். அங்கே சுவர் முழுக்க ஒரு மர வரைபடம் இன்றும் இருக்கிறது. பொம்மை செய்கிற கம்பெனியிடம் நார்வேயிலிருந்து ஸ்பெயின் வரைக்குமான கடற்கரை முழுவதையும் செய்யச் சொல்லி வாங்கி, தேவையான நார்மண்டிப் பகுதியை மட்டும் மாட்டினார்கள், எந்தக் கரை என்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. மாட்ட வந்த தொழிலாளர்களை இறக்கம் முடியும் வரை வெளியே விடவில்லை. ராணுவ போலீஸ் அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பக்கத்து வீடு இருக்க முடியாது.

சரி, இது பெருமைப்படுகிற பக்கம். ராணுவ போலீஸ் கண்காட்சி நேர்மையானதா என்று தெரிந்துகொள்ள நான் தேடுவது மறுபக்கத்தை. தன் சிப்பாய்களுக்கு எதிராகவே அதிகாரம் செலுத்துகிற படை அது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ போலீஸ் போர்முனைக்குப் பின்னால் வரிசையாகச் சாவடி போட்டு, பின்வாங்கி வருகிறவர்களை நிறுத்தி விசாரித்தது. 1917 செப்டம்பர் 9 அன்று பிரான்சில் எட்டாப்ளே பயிற்சி முகாமில் ஒரு நியூசிலாந்து சிப்பாயைக் கைது செய்ததில் கூட்டம் கூடியது. ஒரு ராணுவ போலீஸ்காரர் கைத்துப்பாக்கியால் சுட, ஒரு கார்ப்பரல் செத்தார், அங்கே நின்றிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் காயப்பட்டார். முகாம் பல நாள் கொந்தளித்தது. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. ஸ்டாஃபர்ட்ஷயரில் அவர்களுக்கு 2001இல் எழுப்பிய நினைவிடத்தில் ஆளுக்கொரு மரக்கம்பம் நட்டிருக்கிறது. நடுவில் கண் கட்டி நிற்கிற இளைஞனின் சிலை. அந்த 306 கம்பங்களுக்கு நடுவில் நடந்து பார்த்துவிட்டு ராணுவ போலீஸ் கூடத்துக்கு வந்தால் அங்கே இருக்கிற கைவிலங்கு வேறு மாதிரித் தெரியும்.

ஜெர்மன் ராணுவ போலீஸின் அடையாளம் கழுத்தில் சங்கிலியில் தொங்கும் பிறை வடிவ உலோகத் தகடு. இருட்டிலும் தெரியட்டும் என்று எழுத்துக்கு ஒளிரும் பூச்சு பூசியிருப்பார்கள். அவர்களுடைய சிப்பாய்களே அவர்களுக்கு வைத்த பெயர் 'சங்கிலி நாய்கள்'. சேகரிப்பாளர்கள் அந்தத் தகட்டை விழுந்து விழுந்து வாங்குவார்கள், பல கண்காட்சிகளில் அதுதான் நடுநாயகமாக வெல்வெட் மேல் கிடக்கும். அதை அழகான பொருளாக மட்டும் வைத்துவிட்டு, போரின் கடைசி மாதங்களில் ஓடிப்போனவர்கள் என்று எத்தனையோ பேரைத் தூக்கில் போட்ட வேலையில் இந்தப் படையின் பங்கையும் கிழக்குப் போர்முனையில் பொதுமக்களுக்கு நடந்ததையும் விளக்க அட்டை சொல்லாவிட்டால், அந்தக் கண்காட்சி செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

விளக்க அட்டை என்றதும் ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஜெர்மன் ராணுவத்தின் போர்க்குற்றங்கள் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. சாதாரண ராணுவம் கைசுத்தமானது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையை அது உலுக்கியது. பிறகு வரலாற்றாசிரியர்கள் சில படங்களின் விளக்கம் தவறு என்று கண்டுபிடித்தார்கள். சோவியத் ரகசிய போலீஸ் கொன்றவர்களின் உடல்களை ஜெர்மானியர் கொன்றவர்கள் என்று அட்டை சொன்னது. 1999இல் கண்காட்சியை நிறுத்தி, ஒரு குழு வைத்து 1,400க்கு மேற்பட்ட படங்களையும் சரிபார்த்தார்கள். கண்காட்சிக்குப் பொருந்தாத படங்கள் 20க்கும் குறைவு. அடிப்படை வாதம் சரிதான் என்று குழு சொன்னது, ஆனாலும் முழுவதையும் புதிதாகச் செய்து 2001இல் மறுபடி திறந்தார்கள். படம் எடுத்தது யார், எங்கே, எப்போது என்று அட்டையில் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய வைத்தது இந்தச் சம்பவம்தான். அப்புறம் எந்தக் கூடத்துக்குப் போனாலும் முதலில் அட்டையின் கடைசி வரியைத்தான் படிக்கிறேன்.

ஜப்பானிய ராணுவ போலீஸான கெம்பெய்டாய் பற்றிப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரை விட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம்தான் அவர்களுடைய விசாரணைக் கூடமாக இருந்தது. சிறைப்பட்டவர்களுக்குப் பணமும் செய்தியும் கடத்தினார் என்று எலிசபெத் சோய் என்ற ஆசிரியையை 1943 நவம்பரில் பிடித்து அங்கே கிட்டத்தட்ட 200 நாள் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். போர் முடிந்தபின் தன்னை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். 2017இல் அதைப் புதுப்பித்துத் திறந்தபோது, ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயரான 'ஷோனான்' என்பதையே கூடத்தின் பெயராக வைத்தார்கள். மக்கள் கொதித்துப்போய் இரண்டே நாளில் பெயரை மாற்ற வைத்தார்கள். வாசலில் எழுதின ஒரு சொல்லுக்காக ஒரு நாடு இவ்வளவு பேசியது என்றால், அங்கே யாருடைய பாட்டி, யாருடைய தாத்தா அந்தச் சொல்லின் கீழ் என்ன பட்டார்கள் என்பது இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

இனி பெண்களின் கூடத்துக்கு வருவோம்.

படைகளில் இருந்த பெண்களைப் பற்றிக் கண்காட்சி வைப்பது சமீபத்திய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1917இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, உருவானது. அப்போதே அதில் பெண்களின் பணிக்கென்று ஒரு தனிக் குழு இருந்தது. குழுவிலிருந்த பெண்கள் சீருடை, பேட்ஜ், கடிதம், படம் என்று எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார்கள். பணியில் இறந்த பெண்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதி ஒவ்வொருவரின் படத்தையும் வாங்கினார்கள். 1918 அக்டோபரில் லண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் அவர்கள் வைத்த கண்காட்சியை 82,000 பேர் பார்த்தார்கள். 1919 மார்ச்சில் ஆலிவ் எடிஸ் என்ற பெண் புகைப்படக்காரரை பிரான்சுக்கே அனுப்பி, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்களைப் படமெடுக்கச் சொன்னார்கள். போர் ஓய்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, கலைந்து போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்தக் குழுவின் தொலைநோக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இன்று முதல் உலகப் போரின் பெண்களைப் பற்றி உலகில் எங்கே கண்காட்சி நடந்தாலும் அவர்கள் சேர்த்ததில் ஏதாவது ஒன்று சுவரில் இருக்கும்.

பெண்களின் கண்காட்சியில் சீருடைக்கு இணையாகக் காகிதத்தையும் பார்க்கச் சொல்வேன். 1918இல் அமெரிக்க ராணுவத்துக்காக பிரான்சில் தொலைபேசி இணைப்பகங்களை இயக்கிய 223 பெண்கள் உறுதிமொழி எடுத்து, சீருடை போட்டு, ராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தார்கள். ஊர் திரும்பியதும் 'நீங்கள் சிவிலியன்கள்' என்று சொல்லிவிட்டார்கள். முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து 1977இல்தான் கிடைத்தது. கிட்டத்தட்ட 60 வருடம், அதற்குள் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானங்களை ஓட்டிய 'வாஸ்ப்' பெண்களுக்கும் அதே 1977 தான். பணியில் செத்த 38 பேருக்கும் ராணுவ மரியாதை கிடைக்கவில்லை. டெக்சாஸில் ஸ்வீட்வாட்டரில் அவர்களுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் பணிவிடுப்புச் சான்றிதழ் ஒன்று கண்ணாடிக்குள் இருந்தால் தேதியைப் பாருங்கள், வேலை செய்த வருடத்துக்கும் அந்தக் காகிதத்தின் வருடத்துக்கும் இடையில் எத்தனை வருடம் என்று மனதுக்குள் கழித்துப் பாருங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸுக்குப் பெண்கள் துப்பாக்கியேந்தி அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணி படைப்பிரிவின் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். டெல்லி செங்கோட்டையில் 2019இல் திறந்த நேதாஜி அருங்காட்சியகத்திலும் மணிப்பூர் மொய்ராங்கிலும் இந்திய தேசிய ராணுவத்தின் கதையைப் பார்க்கலாம். ஆனால் அதிகாரிகளாக இருந்த, படித்த, பிறகு பேட்டி கொடுக்க வாய்த்த சிலரின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. தோட்டத்துப் பெண்கள் எழுதி வைத்துப் போகவில்லை, அவர்களிடம் போய் யாரும் கேட்டதும் அரிது. அணிவகுப்புப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிற பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டால் அட்டையில் பதில் இருக்காது. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

இப்போது இரண்டு கூடமும் சேருகிற இடம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஃபோர்ட் மெக்லெல்லன் என்று ஒரு ராணுவத் தளம் இருந்தது. பெண்கள் படையின் தாய்வீடு அதுதான், பெண்கள் படையின் அருங்காட்சியகமும் அங்கேதான். 1970களில் ராணுவ போலீஸ் பள்ளியும் அங்கே வந்தது, அதன் அருங்காட்சியகமும் வந்தது. அதாவது இரண்டு கதையும் ஒரே வேலிக்குள் இருந்தன. 1999இல் தளத்தை மூடினார்கள். ராணுவ போலீஸ் மிசௌரியில் ஃபோர்ட் லெனார்ட் வுட்டுக்குப் போய், அங்கே பொறியாளர் படை, ரசாயனப் படை ஆகியவற்றின் அருங்காட்சியகங்களோடு ஒரே வளாகத்தில் சேர்ந்தது. பெண்களின் சேகரிப்பு வர்ஜீனியாவில் ஃபோர்ட் லீக்குப் போய் 2001இல் ராணுவப் பெண்கள் அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரிட்டனிலும் இதே கதைதான்: பெண்கள் படையின் சேகரிப்பு கில்ட்ஃபோர்டிலிருந்து லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனது, ராணுவ போலீஸ் சௌத்விக்கில். அப்படியானால் ஒரு பெண் ராணுவ போலீஸின் தொப்பி எங்கே போகும்? அவர் எந்தப் படையின் பட்டியலில் இருந்தாரோ அங்கே. பெண்கள் படையின் பட்டியலில் இருந்தார் என்றால் அவர் 'பெண்', ராணுவ போலீஸ் பட்டியலில் இருந்தார் என்றால் அவர் 'போலீஸ்'. கூடம் பிரிந்ததற்கு அவர்கள் செய்த வேலை காரணமில்லை, சேகரிப்பைப் பங்கு போட்ட நிர்வாகம்தான் காரணம்.

ஆனால் வேலையைப் பாருங்கள். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு அமெரிக்க ராணுவத்தின் 6888ஆவது தபால் பட்டாலியன் வந்து இறங்கியது. மொத்தம் 855 பேர், அனேகமாக எல்லோரும் கறுப்பினப் பெண்கள், தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். குளிரில் ஜன்னலுக்குக் கறுப்புப் பூச்சு பூசிய கிடங்குகளில் மலைபோலக் கிடந்த தபால் குவியலை முடிக்க 6 மாதம் கொடுத்திருந்தார்கள். மூன்று ஷிப்ட் போட்டு 3 மாதத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம், படை எண்ணை வைத்து ஆளைப் பிரித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்களுக்குள்ளேயே ராணுவ போலீஸ் பெண்கள் இருந்தார்கள் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பெண்களிடம் துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்பது விதி. பிரான்சில் ரூவான் நகரத்துக்கு மாறியபோது பட்டாலியனைப் பார்க்கவென்று கூட்டம் கூட்டமாக ஆண் சிப்பாய்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெறுங்கையோடு வாசலைக் காக்க வேண்டிய இந்தப் பெண்கள் ஜுஜுட்சு கற்றுக்கொண்டு ஆட்களைத் தடுத்தார்கள். ரூவானில் ஜீப் விபத்தில் பட்டாலியனின் 3 பெண்கள் இறந்தார்கள். நார்மண்டி அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,000க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பெண்களுடையவை 4 தான், அதில் 3 இவர்களுடையவை. பட்டாலியனுக்கு அமெரிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் கொடுப்பதற்கான சட்டம் 2022இல்தான் வந்தது.

சோவியத் பக்கம் பார்த்தால் இந்தப் பிரிவினையே வேறு மாதிரி. படையில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள், சாலைச் சந்திப்பில் கொடியோடு நின்று போக்குவரத்தை நடத்தியவர்களில் நிறையப் பெண்கள். 1945 மே மாதம் பெர்லினில் பிராண்டன்பர்க் வாசல் எதிரே கையில் கொடியோடு நிற்கிற மரியா லிமான்ஸ்கயாவின் படம் உலகம் முழுக்கத் தெரியும். யெவ்கேனி ஹால்தேய் எடுத்தது. அந்தப் படத்தைப் பெரும்பாலும் வெற்றியின் சின்னமாக, சிரிக்கிற பெண்ணாக மாட்டுகிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அவருடைய கை எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அவர் அப்போது டியூட்டியில் இருக்கிறார். அந்தக் கை தவறினால் பின்னால் வருகிற வரிசை முழுவதும் நின்றுவிடும்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. பெண்கள் நேரடிச் சண்டையில் இறங்கக் கூடாது என்று சட்டமும் விதியும் தடுத்திருந்த காலத்திலும் அவர்கள் சண்டைக்குள் போனது ராணுவ போலீஸ் வழியாகத்தான். ராணுவ போலீஸ் 'சண்டைப் பிரிவு' என்ற கணக்கில் வராது. ஆனால் சாலை இருக்கிற இடத்தில்தான் பதுங்கித் தாக்குதலும் நடக்கும். 1989 டிசம்பரில் பனாமாவில் 988ஆவது ராணுவ போலீஸ் கம்பெனிக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் லிண்டா பிரே. நாய்க்கொட்டடி ஒன்றைப் பிடிக்கப் போன இடத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. அமெரிக்க வீரர்களைச் சண்டையில் வழிநடத்திய முதல் பெண் என்று பத்திரிகைகள் எழுத, வாஷிங்டனில் பெரிய விவாதமே கிளம்பியது, அவர் 1991இல் ராணுவத்தை விட்டே போய்விட்டார். 2005 மார்ச் 20 அன்று ஈராக்கில் லாரி வரிசைக்குக் காவலாகப் போன கென்டக்கி தேசியக் காவல்படையின் 617ஆவது ராணுவ போலீஸ் கம்பெனி பதுங்கித் தாக்குதலில் சிக்கியது. சார்ஜென்ட் லீ ஆன் ஹெஸ்டர் வாய்க்காலுக்குள் இறங்கிச் சண்டை போட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'வெள்ளி நட்சத்திரம்' என்ற வீரப் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர். சண்டைப் பிரிவுகள் மீதான தடையை நீக்குவதாக அமெரிக்கா அறிவித்தது 2013இல்தான். பனாமாவிலிருந்து கணக்குப் போட்டால் 23 வருடத்துக்கு மேல்.

இந்தியாவில் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகப் பெண்களைச் சேர்த்ததும் முதலில் ராணுவ போலீஸில்தான். மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே 1992 முதல் பெண் அதிகாரிகள் இருந்தார்கள், சிப்பாய்கள் கிடையாது. 2019இல் அறிவிப்பு வந்து, 61 வாரப் பயிற்சி முடித்து, 2021 மே 8 அன்று பெங்களூரில் உள்ள ராணுவ போலீஸ் மையத்தில் 83 பெண்கள் உறுதிமொழி எடுத்தார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், அதனால் விழா எளிமையாக முடிந்துவிட்டது. அந்த 83 பேரின் முதல் தொப்பி, முதல் கைப்பட்டை, பயிற்சி நோட்டு எல்லாம் இப்போதே யாராவது வாங்கி வைக்க வேண்டும். 1917இல் லண்டனில் அந்தக் குழு செய்ததைத்தான் சொல்கிறேன். 50 வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

பார்க்கும்போது உதவுகிற மாதிரி சில விஷயங்கள். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று கோபப்பட வேண்டாம். துணி, காகிதம் இரண்டையும் வெளிச்சம் தின்றுவிடும், அதனால் வெளிச்சத்தை அளக்கிற கணக்கில் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போக மாட்டார்கள், சில மாதத்துக்கு ஒரு முறை பொருளை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பார்கள். ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். பொம்மை போட்டிருப்பது அசலா நகலா என்று அட்டையில் பாருங்கள். அசலாக இருந்தால் முழங்கை, கழுத்துப்பட்டி, பொத்தான் துளை, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் தெரியும். பெண்களின் சீருடையில் உள்பக்கமாகப் பிடித்துத் தைத்த தையல் தெரிகிறதா என்றும் பாருங்கள், பொருந்தாத அளவில் கொடுத்ததை அவரவரே சரிசெய்துகொண்ட அடையாளம் அது. கைப்பட்டையாக இருந்தால் ஊக்கு குத்திய இடத்தில் துருக்கறை இருக்கும். அமெரிக்க ராணுவ போலீஸின் கைப்பட்டை கருநீலத்தில் வெள்ளை எழுத்து, பிரிட்டிஷாருடையது கறுப்பில் சிவப்பு எழுத்து. கசங்காமல், கறையில்லாமல் பளிச்சென்று இருந்தால் அது பெட்டியிலேயே கிடந்தது என்று அர்த்தம்.

லண்டன் வைட்ஹாலில் இரண்டாம் உலகப் போரின் பெண்களுக்கு 2005இல் திறந்த நினைவுச்சின்னத்தில் ஆட்கள் கிடையாது. கொக்கியில் மாட்டிய 17 உடைகள் வெண்கலத்தில் தொங்குகின்றன, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் உடையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சிற்பி சொல்ல நினைத்திருக்கலாம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்திலும் அப்படி ஆளில்லாத உடையாகவே நின்றுபோனால் அது போதாது, அங்கே பெயர் வேண்டும். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் 1997இல் திறந்த ராணுவப் பெண்கள் நினைவகத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பணியாற்றியவரோ குடும்பத்தாரோ தாங்களே பெயரும் படமும் அனுபவமும் எழுதிச் சேர்க்கலாம். நான் பார்த்த ஏற்பாடுகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மெடல் வாங்கியவரும் டைப் அடித்தவரும் அதில் ஒரே மாதிரிதான் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. கண்காட்சி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியில் கிடக்கிற பாட்டியின் தொப்பியையோ அத்தையின் விசிலையோ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று தோன்றினால் நல்லது, கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரு தாளில் அவருடைய முழுப்பெயர், எந்த வருடம், எந்தப் பிரிவு, எந்த ஊர், இந்தப் பொருளைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரிந்த மட்டும் பென்சிலில் எழுதுங்கள். படம் இருந்தால் பின்பக்கம் இருக்கிற கிறுக்கலைக் கிழிக்காமல் அப்படியே விடுங்கள். அவர் உயிரோடு இருந்தால், கொடுக்கிற அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், பொருளை மேஜைமேல் வைத்துவிட்டு, பதிவு செய்கிறவரிடம் அவரையே பேசச் சொல்லுங்கள்.